ஆழ்கடலும் அரவமும்

கடலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் ஆர்கலி என்பது ஒன்று. ஆர்தல் நிறைதல், கலி ஒலி, ஆகவே ஒலி நிறைந்தது ஆர்கலி எனப்பட்டது. கரையில் நின்று கடலைக் கேட்டவரே இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். ஆயினும், அலையும் காற்றும் மோதும் மேற்பரப்பை விட்டுக் கீழே செல்லச் செல்ல யாவும் அடங்கிவிடும் என்றும், ஆழ்கடல் ஊமை என்றும் எண்ணுவோர் இன்றும் மிகப் பலர். உண்மை அதற்கு மாறானது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கின்றது. ஞாயிற்றின் ஒளி சில நூறு மீட்டர் ஆழத்திற்குள் மங்கி மறைந்துபோக, ஒலியோ பல நூறு கல் தொலைவு நீரினூடே பரவ வல்லது. ஆதலின் ஆழத்தில் இரை தேடும் உயிர்களுக்குக் கண்ணினும் செவியே தலைமைப் பொறியாகும். அச்செவியை மாந்தர்தம் கப்பல்களும் கருவிகளும் எழுப்பும் அரவம் எவ்வாறு தாக்குகின்றது என்பதைக் கடலிடத்தே சென்று ஆராய்ந்தோர் கண்டவற்றை, எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவர்க்குத் திமிங்கிலத்தோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அதிலும் யாம் பிறந்து வளர்ந்த ஊர் காரைக்குடி. அங்கே கடற்கரை இல்லை. கண்மாயும் ஊருணியுமே எம் நீர்நிலைகள். ஆயினும் கடல் செட்டிநாட்டிற்குப் புறம்பானதன்று. நகரத்தார் இலங்கைக்கும் பருமாவுக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்து சென்று ஈட்டிய பொருளே அந்நாட்டு மாளிகைகளாக நிற்கின்றது. அவற்றின் தூண்களிற் பல மரக்கலமேறி வந்த பருமாத் தேக்கு. எம் இல்லம் அத்தகைய மாளிகையன்று. எம் தந்தையார் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழிலினர். திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ஆலயப் பண்டிகை, தேர்தற் கூட்டம் என எது நிகழினும், ஊரார் 'மைக் செட்' என்று வழங்கும் அக்கருவிகளை வண்டியிலேற்றிக் கொண்டு செல்வார். எம்மைக் கல்லூரிக்கு அனுப்பியது அத்தொழிலின் ஊதியம். அவருடைய இடச்செவியை மந்தமாக்கியதும் அத்தொழிலே. முப்பது ஆண்டுகள் கூம்பு ஒலிபெருக்கிகளின் அருகில் நின்றதன் பயன் அது. அரவத்தால் உண்டு, அரவத்தாலே செவி குறைந்த குடும்பத்திற் பிறந்தமையாற் போலும், கடலடி அரவத்தைப் பற்றிய செய்தி எங்குக் காணினும் எம் கண் அதன்மேற் சென்று நிற்கின்றது.

நிற்க. திமி என்பது வடமொழியில் ஒரு பெருமீன். அதனையும் விழுங்கவல்லது திமிங்கிலம் எனப்பட்டது. பெயர் அவ்வாறிருப்பினும் திமிங்கிலம் மீனன்று. அது குட்டி ஈன்று பாலூட்டுவது. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடுவது. கடல்படு பொருள் ஐந்தென எண்ணிய பழந்தமிழ் உரையாளர், முத்து, பவளம், சங்கு, உப்பு என்பனவற்றோடு ஓர்க்கோலை என ஒன்றையும் சேர்த்தனர். அதற்கு அம்பர் எனப் பொருள் கூறுவர். அம்பர் விளையும் இடம் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடல். ஆழம் மூழ்கும் திமிங்கிலங்களுள் முதன்மையானது அதுவே. முத்துக் குளிப்போர் மூச்சடக்கும் காலத்தை நிமிடங்களிற் சில என்றே கூறலாம். ஸ்பெர்ம் திமிங்கிலமோ முக்கால் மணி நேரம் மூச்சடக்கி ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கணவாய் வேட்டையாடும். அதனையும் வென்றது குவியேர் அலகுத் திமிங்கிலம். அது 2,992 மீட்டர் மூழ்கியதை 2014இலும், அவ்வினத்துள் ஒன்று 222 நிமிடம் மூழ்கியிருந்ததை 2020இலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மூன்றே முக்கால் மணிக்குச் சற்றே குறைந்த இந்நேரத்தில் நம் வகுப்புகள் நான்கு முடிந்துவிடும்.

காரிருளில் இரை தேடுவது எங்ஙனம்? தலையினின்று 'டக், டக்' என்னும் கூரிய ஓசையை இடையறாது எழுப்பி, அது இரையிற் பட்டு மீளும் எதிரொலியைக் கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியே செவிக்கு ஏற்று, அதனாலே இரையின் இடமும் தொலைவும் அறிகின்றன. இவற்றுக்கு ஒலியே விளக்கு. பிறிதொரு பேரொலி எழுமாயின் அவ்விளக்கின்மேற் புகை படர்ந்ததை ஒக்கும்.

நம் கரையிலும் இத்தகைய ஆழ்கடல் விலங்குகள் துயருற்றுக் காணப்பட்டதுண்டு. 1973 ஜனவரி 14ஆம் நாள், தூத்துக்குடிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 11 மாலை தொடங்கி, திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு ஆகிய ஊர்களின் கரையில் அவ்வினத்தனவே எண்பதுக்கு மேற்பட்டு ஒதுங்கின, பெரும்பாலன மாண்டன. பைலட் திமிங்கிலமும் ஆழம் மூழ்குவதே. கானரித் தீவுகளை அடுத்த கடலில் அது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 9 மீட்டர் வரை விரைந்து இரையைத் துரத்துதலை 2008இல் ஆராய்ந்தோர், ஆழ்கடற் சிறுத்தை என அதற்குப் பெயரிட்டனர். அத்தகையது முழங்காலளவு நீரில் புரண்டு கிடந்ததென்றால் அக்காட்சியை யாரே கண்டு பொறுப்பர்!

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மணப்பாட்டிலுள்ள உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்த யாம், அந்நாள் திமிங்கிலங்களைக் கடலுக்குள் இழுத்துச் சென்றோருள் ஒருவரான முதியவர் ஒருவரைக் கண்டு உரையாடினோம். "கயிறு கட்டி, வள்ளத்தில் இழுத்துக்கொண்டு போய் ஆழத்தில் விட்டோம், தம்பி. விட்டுவிட்டு நாங்கள் கரைக்குத் திரும்புமுன் அதுவும் திரும்பிவிட்டது. கரையில் கிடந்தது ஒன்று கத்தும். ஆழத்தில் விட்டது அதைக் கேட்டுக்கொண்டு வரும். பிள்ளை கத்தினால் தாய் போவாளா?" என்றார். பைலட் திமிங்கிலங்கள் கூட்டத்தைப் பிரியா இயல்பின. ஒலியாலே ஒன்றையொன்று அழைப்பன. அப்பெரியார் நூல் எதுவும் கற்றவரல்லர்; ஆயினும் அவர் கூறியது நூலோர் கூற்றோடு முற்றும் ஒத்திருந்தது.

"ஏன் அவை கரைக்கு வந்தன, பாட்டா?" என்று வினவினோம். "கப்பல் சத்தம் என்றார்கள்; பூகம்பம் என்றார்கள்; நோய் என்றார்கள். கடலுக்குத்தான் தெரியும்," என விடையிறுத்தார். அவ்விடையின் நேர்மையை யாம் பெரிதும் மதிக்கின்றோம். நம் கரையில் நிகழ்ந்தவற்றுக்கு அரவமே காரணம் எனத் துணிந்து கூறுதற்குச் சான்றில்லை. கப்பற் போக்குவரவு இந்நாளினும் மிகக் குறைந்திருந்த 1973இலும் அதே கரையில், அதே திங்களில், அதே இனம் ஒதுங்கிற்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். குற்றஞ்சாட்டுதல் எளிது, குற்றம் நாட்டுதல் அரிது.

ஆயின், குற்றம் நாட்டப்பெற்ற இடங்களும் உள. நீர்மூழ்கிகளைக் கண்டறிய ஒலியை நீருக்குள் செலுத்தி அதன் எதிரொலியைக் கேட்கும் சோனார் என்னும் கருவியைக் கடற்படைகள் கையாள்கின்றன. 2000 மார்ச்சில் பஹாமாத் தீவுகளில் 17 கடற்பாலூட்டிகள் கரையொதுங்கின. அமெரிக்கக் கடற்படையும் அந்நாட்டு மீன்வளத் துறையும் கூடி ஆராய்ந்து, கடற்படையின் சோனாரே பெரிதும் பொருந்தும் காரணம் என 2001இல் ஒப்புக்கொண்டன. 2002 செப்டம்பரில் கானரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சி நடந்த வேளையில் 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவற்றின் உடலை அறுத்து நோக்கியபோது குருதிக்குழாய்களிலும் உறுப்புகளிலும் காற்றுக் குமிழிகளின் அடையாளம் காணப்பட்டது. காற்றுக் குழாயைக் கவ்வி நீரடியில் வேலை செய்வோர் விரைந்து மேலெழுந்தால் குருதியிற் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிக் கைகால் முடங்குதலும் உயிர் நீங்குதலும் உண்டென்பது நம் கரையோரச் சங்கு குளிப்போர் அறிந்ததே. பிறவியிலேயே மூழ்கக் கற்ற திமிங்கிலமும் அச்சத்தால் தன் முறை தவறியதாற்போலும் அத்தகைய நோயுற்றது. இஸ்பானிய அரசு 2004இல் அத்தீவுகளைச் சூழ்ந்த கடலிற் சோனாரைத் தடுத்தது. அதன்பின் அத்தகைய கூட்டச் சாவு அங்கே நிகழவில்லை என 2013இல் ஆராய்ச்சியாளர் எழுதினர்.

இறந்த உடல் இறுதியைக் கூறுமேயன்றித் தொடக்கத்தைக் கூறாது. உயிருள்ள திமிங்கிலம் அரவத்தைக் கேட்ட அந்நொடியில் என் செய்கின்றது என்பதை அறிதல் வேண்டி எழுந்ததே களஆராய்ச்சி. சிறு படகில் அமைதியாக அணுகி, நீண்ட கழியின் முனையிலுள்ள ஒரு கருவியைத் திமிங்கிலத்தின் முதுகில் ஒற்றுவர். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய அக்கருவி, உறிஞ்சு கிண்ணங்களாற் பற்றிக்கொண்டு, திமிங்கிலம் கேட்கும் ஒலியையும் அது எழுப்பும் ஒலியையும் அது மூழ்கும் ஆழத்தையும் திரும்பும் திசையையும் ஒருங்கே பதிவு செய்யும்; சில மணி நேரத்தில் தானே கழன்று மிதந்து வானொலிக் குறியால் தன் இடத்தை அறிவிக்கும். அலகுத் திமிங்கிலம் மேலே நிற்பது சில நிமிடம். பின்னர் ஒரு மணி நேரம் மறைந்துவிடும். காற்றுச் சிறிது மிகுந்தாலும் அதன் முதுகு அலையிற் புலப்படாது. எனவே ஒரு விலங்கின்மேற் கருவி ஒற்றுதற்குப் பல நாள் வெறுங்கையோடு மீளுதல் அவ்வாராய்ச்சியாளர்க்கு வழக்கம். அங்ஙனம் ஒற்றிய பின்னர், சோனாரைப் போன்ற ஒலியைத் தாழ்ந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தி, விலங்கின் நடத்தை மாறிய அளவிலே நிறுத்துவர்.

2007, 2008ஆம் ஆண்டுகளில் பஹாமாக் கடலில் இவ்வாறு ஆராய்ந்தபோது, அலகுத் திமிங்கிலங்கள் ஒலியைக் கேட்டதும் இரை தேடும் ஓசையை நிறுத்தின, வழக்கத்தினும் மெதுவாக மேலெழுந்தன, அவ்விடத்தை விட்டகன்றன. கடற்படையின் மெய்ப்பயிற்சி நடந்த நாள்களிலும் அவை விலகிச் சென்று, பயிற்சி முடிந்து இரண்டு மூன்று நாளின் பின்னரே மீண்டன. கலிபோர்னியாக் கடலில் நடந்து 2013இல் வெளிவந்த ஆராய்ச்சி மேலும் நுண்ணியது. அங்கே குவியேர் அலகுத் திமிங்கிலங்கள் இரண்டு, அருகிலிருந்து வந்த ஒலி மிகத் தாழ்ந்த அளவினதாயினும், உணவை விட்டு ஓசையின்றி விரைந்து அகன்றன. அவற்றுள் ஒன்று, தொலைவில் நின்ற மெய்யான கடற்படைக் கப்பலின் சோனாரை ஏறத்தாழ அதே அளவிற் கேட்டபோதோ அங்ஙனம் அகன்றிலது.

இச்செய்தியை எம் தந்தையாரின் வலச்செவியருகே அமர்ந்து உரத்துப் படித்துக் காட்டினோம். நூலறிஞர் வியந்த அம்முடிவை அவர் வியக்கவில்லை. "இதில் என்ன புதுமை? பக்கத்துத் தெருவில் குழாய் கட்டினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே சத்தம் தன் வாசலில் கேட்டால்தான் சண்டைக்கு வருகிறார்கள். காது அளவை மட்டுமா பார்க்கிறது? எங்கிருந்து வருகிறது, என்னைத் தேடி வருகிறதா என்றல்லவா பார்க்கிறது!" என்றார். எத்துணை டெசிபெல் என்று மட்டும் வரம்பு கட்டுதல் போதாது, எங்கே, எவ்வளவு அருகில், எந்நேரத்தில் என்பனவும் எண்ணப்படல் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் வலியுறுத்துவதும் இதுவே.

சோனார் சிற்சில இடத்தில் எழும் இடி. கப்பலின் சுழலி எழுப்பும் முழக்கமோ ஓயாத மழை. 2006இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மத்தியதரைக் கடலின் வடபாற் பெருங்கப்பல் ஒன்று கடந்தபோது, கருவி ஒற்றிய அலகுத் திமிங்கிலத்தின் அம்முழுக்கில் இரை தேடும் திறன் பாதிக்குமேல் குன்றிற்று எனக் கணித்தனர். அது ஒரே விலங்கின் ஒரே முழுக்கு, ஆயினும் கருதத்தக்கது. நம் இந்துமாக் கடலின் தென்கோடியில், ஹேர்டு தீவினருகே, 1991 ஜனவரியில் நீருக்குள் எழுப்பிய தாழ்ந்த ஒலி அமெரிக்காவின் இரு கரைகளிலும் கேட்டது. சோதனைக்கு முன் அங்கே செவிமடுத்த நேரத்தில் நூற்றுக்கு 23 பங்கு ஸ்பெர்ம், பைலட் திமிங்கிலங்களின் ஓசை கேட்டிருக்க, சோதனை நடந்த நேரத்தில் ஒன்றேனும் கேட்கவில்லை. முடிந்து இரண்டு நாளுக்குள் மீண்டும் கேட்டன.

அரவம் ஓய்ந்தால் நிகழ்வது யாது? 2001 செப்டம்பரில் நியூயார்க்கு நகரின் பேரழிவை அடுத்துக் கப்பல்கள் குறைந்தபோது, கனடாவின் பண்டி வளைகுடாவில் நீரடி ஒலி 6 டெசிபெல் தாழ்ந்தது. அங்கு வாழும் ரைட் திமிங்கிலங்களின் சாணத்தில் உளைச்சலைக் காட்டும் சுரப்புநீரும் குறைந்தது. 2020இல் ஊரடங்கு வந்தபோதும் உலகின் கடல்கள் சிலவற்றில் அரவம் அடங்கிற்று. அதனைப் படித்து மகிழ்ந்தோர் பலர். எம்மால் அங்ஙனம் முழுதும் மகிழ இயலவில்லை. அவ்வாண்டின் அமைதி எம் இல்லத்தில் எத்தகையது என்பதை யாம் அறிவோம். பங்குனியும் சித்திரையும் திருவிழாவின்றிக் கழிந்தன. திருமணங்கள் ஒலியின்றி நடந்தன. தெருவிற் குயிலோசை தெளிவாகக் கேட்டது. ஆலய மணியொலி நெடுந்தொலைவு சென்றது. எம் வீட்டு அரிசிப் பானையின் அடியை அகப்பை தட்டும் ஓசையும் கேட்டது. அன்னையின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. தந்தையார் வாரம் ஒருமுறை உறையை நீக்கி, கருவிகள் கெடாதிருக்கும் பொருட்டு மெல்ல ஒலிக்கச் செய்து, மீண்டும் மூடி வைப்பார். திமிங்கிலத்திற்கு நலமாகிய அமைதி எமக்குப் பசியாயிற்று. ஆதலின், கப்பல்கள் அனைத்தையும் நிறுத்துக என்று எழுத எம் கை எழாது. நாம் உண்ணும் பருப்பும் எரிக்கும் எண்ணெயும் அக்கப்பல்களிலே வருகின்றன. கடல் வாணிகத்தால் எழுந்த ஊரிற் பிறந்த யாம் அதனை மறத்தல் முறையன்று.

வேண்டுவது மௌனமன்று, அடக்கம். எம் தந்தையார் தொழிலிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒரே பெருங்கூம்பை உயர்த்தி ஊர் முழுதும் அதிரச் செய்வோர் உளர். அவரோ சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றைத் தாழ்த்திக் கட்டி, கூட்டம் இருக்குமிடத்திற்கு மட்டும் ஒலி செல்லுமாறு செய்வார். மருத்துவமனைப் பக்கம் கூம்பைத் திருப்பார். இரவு 10 மணிக்குமேல் விழாத் தலைவரே கேட்பினும் இணங்கார். கடலிலும் இஃது இயலும். சுழலி நீரைக் கலக்கிக் குமிழி வெடிக்கச் செய்தலே கப்பல் முழக்கத்திற்குப் பெருங்காரணம். சுழலியைத் திருத்தினும் வேகத்தைக் குறைப்பினும் பல கப்பல்களில் முழக்கம் குறையும். இதற்கெனப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2014இல் வழிமுறைகளை வகுத்து 2023இல் திருத்தியது. அவை கட்டாயமல்ல என்பது குறையே. கனடாவின் வான்கூவர் துறைமுகத்தார் 2017 முதல் திமிங்கிலம் வரும் பருவத்திற் கப்பல்களை மெதுவாகச் செல்ல வேண்டுகின்றனர். நமக்கு அண்மையில், இலங்கையின் தென்கரையில் நீலத் திமிங்கிலங்களின்மேற் கப்பல் மோதுதலைத் தவிர்க்க, எம்.எஸ்.சி. என்னும் பெருங்கப்பற் குழுமம் 2022இல் தன் வழியைத் தெற்கே தள்ளி அமைத்துக்கொண்டது. சோனாரைப் படிப்படியாக உயர்த்தி விலங்குகட்கு விலக நேரம் தருதலும் ஒரு முறை. ஆயினும் நார்வே நாட்டார் கூனல் திமிங்கிலங்களிடம் சோதித்தபோது அதன் பயன் சிறிதாகவே காணப்பட்டது. நல்லெண்ணம் ஒன்றே போதாது, அதனையும் சோதித்தறிதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இளந்தோழர்காள்! எம் ஊர்க்கு அண்மையிலுள்ள பாக்கு நீரிணை ஆழமற்றது. ஆழம் மூழ்கும் திமிங்கிலங்களுக்கு அது வாழிடமன்று. மன்னார் வளைகுடாவின் தென்பாலும், திருகோணமலையின் ஆழ்பள்ளமும் அவை வழங்குமிடங்கள். 1979இல் இந்துமாக் கடல் திமிங்கிலப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட பின்னர், 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்னும் சிறு பாய்க்கலத்தில் அயல்நாட்டு இளைஞர் இலங்கைக் கடலுக்கு வந்து, நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி ஸ்பெர்ம் திமிங்கிலங்களைச் செவிமடுத்தனர். நம் நாட்டார்க்கு அத்தகைய வாய்ப்பு இல்லாமலில்லை. 1947இல் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவு மண்டபத்தில் உண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியற் பிரிவு தொண்டியில் உண்டு. பௌதிகம் பயில்வோர் ஒலியை அளக்கலாம். உயிர்நூல் பயில்வோர் விலங்கை அறியலாம். தமிழ் பயிலும் எம் போல்வார் மணப்பாட்டு முதியவர் போன்றோர் கூறுவனவற்றை அவர் மொழியிலேயே எழுதி வைக்கலாம். 2016இன் நிகழ்ச்சியைக் கண்டோர் நினைவு மங்குமுன் அது செய்யப்படல் வேண்டும். மீண்டும் ஒரு ஜனவரியில் அக்கரையில் அவை ஒதுங்குமாயின், கடலுக்குத்தான் தெரியும் என்பதினும் சற்று மிகுதியாக நாம் கூறும் நிலையை அடைதல் வேண்டும்.